எங்கள் பேட்டை நூலகக் கட்டடம்: சுற்றிப் பார்க்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வாரம். அந்த வாரத்தில் வேலூரில் நாங்கள் போய்வரும் கிளை நூலகத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளும் அக்கம்பக்கத்துக்காரர்களும் வருவார்கள். புத்தகங்களை நூலகர் காட்டுவார். சுவரையும் கூரையையும் காட்டுவது வாசகர் வட்டத்தில் எனக்கு ஒதுக்கிய வேலை. கட்டட வேலையில் ஓவர்சியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கண் கூரைக்குத்தான் போகும், அப்புறம்தான் வீட்டுக்காரர் முகத்துக்கு. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எழுதி வைத்துவிட்டால் அடுத்த வருடம் தொண்டை கொஞ்சம் மிச்சமாகும் என்று பார்க்கிறேன்.

இந்தக் கட்டடம் வெள்ளைக்காரன் கட்டியதா?

எப்போதும் இதுதான் முதல் கேள்வி. வேலூரில் கொஞ்சம் பழசாக, கொஞ்சம் உயரமாக எது நின்றாலும் வெள்ளைக்காரன் கணக்கில் எழுதிவிடுகிறோம். கோட்டையைக்கூட அப்படி நினைப்பவர்கள் உண்டு. அது 16-ம் நூற்றாண்டில், விஜயநகர ஆட்சிக் காலத்தில் எழும்பியது.

நூலகம் உங்கள் வீட்டு வரியில் நிற்கிறது. சொத்து வரி விவரத்தை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் அதுதான் முதல். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் அவினாசிலிங்கம் செட்டியார், பின்னால் இருந்து உழைத்தவர் சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1950 ஏப்ரல் 1 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மாவட்டந்தோறும் ஒரு நூலக ஆணைக்குழு, அதன் செலவுக்குச் சொத்து வரியோடு சேர்த்து வாங்கும் நூலக வரி. இதுதான் ஏற்பாடு. தொடக்கத்தில் ரூபாய்க்கு அரையணா. இன்றைக்கு ரூபாய்க்குப் பத்துப் பைசா. அதாவது 2,000 ரூபாய் சொத்து வரி கட்டும் வீடு, நூலகத்துக்கு 200 ரூபாய் தருகிறது. அந்த வீட்டில் யாரும் நூலகத்துப் படி ஏறியதில்லை என்றாலும் தருகிறது.

இதைச் சொன்னால் கூட்டத்தில் ஒருவராவது, "அப்படின்னா இது நம்ம காசா சார்?" என்று கேட்பார். ஆமாம் என்பேன். அதற்குப் பிறகு அவர் சுவரைத் தட்டிப் பார்க்கும் விதமே வேறு.

1950-க்கு முன்னால் வேலூரில் படிக்க இடமே இல்லையா?

வாசகசாலைகள் இருந்தன. சங்கங்கள் வைத்தவை, தனியார் திண்ணையில் நடந்தவை, பிற்பாடு கட்சிக்காரர்கள் தெருமுனையில் திறந்த படிப்பகங்கள் என்று பல வகை. பத்திரிகை ஒன்று, கேட்பவர்கள் பத்துப் பேர், உரக்கப் படிக்க ஒருவர். மாகாண அளவில் பார்த்தால், சென்னையில் கன்னிமாரா நூலகம் 1896-லேயே திறந்தாயிற்று. மன்னார்குடி பக்கம் 1931-ல் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். ஆனால் தெருவில் இருக்கும் எவரும் உரிமையோடு நுழையலாம் என்கிற நூலகம், வரி வந்த பிறகு வந்ததுதான்.

நூலகத்தின் வயதும் கட்டடத்தின் வயதும் ஒன்றுதானா?

பெரும்பாலும் கிடையாது. கிளை நூலகங்கள் வாடகை வீட்டில் தொடங்கும். யாராவது இடம் கொடுத்தால் அங்கே போகும். சொந்தக் கட்டடம் கடைசியில்தான் வரும், சில இடங்களில் வராமலே போகும். அதனால் நூலகம் கட்டடத்தைவிட மூத்ததாக இருக்கலாம், கட்டடம் நூலகத்தைவிட மூத்ததாகவும் இருக்கலாம்.

எங்களுடையது இரண்டாவது வகை. முன்பாதி ஒரு காலத்தில் குடித்தன வீடு. எப்படித் தெரியும் என்றால், பேப்பர் படிக்க உட்காருகிறீர்களே, அந்த மேடை திண்ணை. நூலகம் என்று திட்டம் போட்டுக் கட்டியவர் யாரும் வாசலின் இரு பக்கமும் திண்ணை வைத்திருக்க மாட்டார். உள்ளே நுழைந்ததும் தரையில் ஒரு சதுரம் மட்டும் நிறம் மாறித் தெரியும். அது முற்றம் இருந்த இடம், பிறகு மூடியிருக்கிறார்கள். நூலகரின் மேசைக்குப் பின்னால் இருக்கும் மாடக்குழியில் இன்றும் விளக்குப் புகை படிந்த கறை இருக்கிறது. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அது மஞ்சளாக மேலே வந்துவிடும்.

பின்பாதியில் இருக்கிற இரண்டு அறைகள் நூலகத்துக்காகவே சேர்த்தவை. ஆக, ஒரே கட்டடத்துக்குள் இரண்டு காலம். கூரையைப் பார்த்தால் பிரியும் இடம் தெரியும்.

கல்வெட்டு இல்லாத கட்டடத்தின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில், கல்வெட்டு இருந்தாலும் உடனே நம்பாதீர்கள். திறப்பு விழாக் கல் கட்டடத்தைத்தான் சொல்கிறது என்று கட்டாயமில்லை. சுற்றுச்சுவருக்கும் கழிப்பறைக்கும்கூடக் கல் பதிப்பார்கள். நாளடைவில் "சுற்றுச்சுவர்" என்ற வார்த்தைமேல் பெயின்ட் ஏறிவிடும், தேதி மட்டும் பளிச்சென்று மிஞ்சும்.

எழுத்தைப் பாருங்கள். எங்கள் முன்வாசல் மேலே சிமெண்டிலேயே எழுப்பிய எழுத்தில் "கிளை நூல் நிலையம்" என்று இருக்கிறது. அதில் ளை, லை இரண்டும் யானைத் துதிக்கை போட்ட பழைய வடிவம். எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது 1978-ல். எனவே அந்த எழுத்து பெரும்பாலும் அதற்கு முந்தியது. பழைய கொத்தனார்கள் கை பழகிய வடிவத்தை இன்னும் சில வருடம் விடாமல் எழுதியிருப்பார்கள் என்பதையும் ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். "நூலகம்" என்னாமல் "நூல் நிலையம்" என்று இருப்பதும் ஒரு தடயம். அதிர்ஷ்டம் பாருங்கள், அந்தப் பழைய பெயரில்தான் சீர்திருத்தத்துக்கு உள்ளான எழுத்துகள் இரண்டு இருக்கின்றன. "பொது நூலகம்" என்று எழுதியிருந்தால் எனக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

அடுத்து ரப்பர் ஸ்டாம்ப். பழைய புத்தகங்களில் முதல் பக்கத்தில் ஒரு முத்திரை இருக்கும். உள்ளே ஏதோ ஒரு குறிப்பிட்ட பக்கத்திலும் இன்னொன்று இருக்கும். அதை ரகசியப் பக்கம் என்பார்கள். முதல் தாளைக் கிழித்துவிட்டாலும் புத்தகம் யாருடையது என்று காட்டிக்கொடுக்க அந்த ஏற்பாடு. முத்திரையில் "சென்னை மாநிலம்" என்று இருந்தால் 1969 ஜனவரிக்கு முந்தியது. பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. வெறும் "வட ஆற்காடு மாவட்டம்" என்றால் 1989 செப்டம்பருக்கு முன். "வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்" என்றால் அதற்குப் பிந்திய சில வருடங்கள். வேலூர் மாவட்டம் என்ற பெயர் 90-களின் பிற்பகுதியில் வந்தது. 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. வேலூர் நகராட்சி மாநகராட்சி ஆனது 2008-ல். எங்கள் நூலகத்து அலமாரியில் ஒரே தட்டில் இந்த முத்திரைகளில் நாலு வகை பார்க்கலாம். மாவட்டம் எத்தனை முறை பெயர் மாறியது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

ஸ்டாம்ப் புத்தகத்தின் வயதைச் சொல்லும், கட்டடத்தின் வயதைச் சொல்லாது. கட்டடத்துக்குக் கூரைதான் சாட்சி.

மே மாதத்தில்கூட முன் ஹால் மட்டும் குளுகுளுவென்று இருக்கிறதே, ஏன்?

நிமிர்ந்து பாருங்கள். வரிசையாகத் தேக்கு உத்திரக் கட்டைகள். அவற்றுக்கு இடையில் செங்கல்லின் மெல்லிய விளிம்புகள் சாய்வாக ஓடுகின்றன. இதற்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். சுவர்மேல் பெரிய விட்டம், விட்டத்தின்மேல் ஓரடி ஒன்றரையடிக்கு ஒரு கட்டை. அதன்மேல் ஓர் அங்குலம் கனமே உள்ள சின்னச் செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிக்கொண்டே போவார்கள். அது காய்ந்ததும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நாலு அங்குலத்துக்குக் கொட்டுவார்கள். பிறகுதான் உண்மையான வேலை. பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கையில் மரக்கட்டையோடு, நாள் கணக்கில் அதை அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிப்பார்கள். தாளம் தப்பாமலிருக்கப் பாட்டும் உண்டு. கட்டை துள்ளித் திரும்பி வரும் அளவுக்குத் தளம் இறுகிய பிறகு மேலே தட்டோடு என்கிற தட்டையான ஓடுகளைப் பதிப்பார்கள்.

ஆக மொத்தம் முக்கால் அடி கனம், அத்தனையும் செங்கல்லும் சுண்ணாம்பும். பகல் வெயில் இதைத் தாண்டிக் கீழே வந்து சேருவதற்குள் மாலை ஆகிவிடும். நாலைந்து அங்குலக் கான்கிரீட் தளம் மதியமே அடுப்பாகிவிடும். கூரையின் உயரமும் சேர்த்தி. முன் ஹாலில் பதினான்கு அடி, பின் அறையில் பத்து அடி. சூடான காற்று தலைக்கு மேலே ஏறி, சுவர் உச்சியில் இருக்கும் சின்ன வென்டிலேட்டர் வழியாக வெளியேறிவிடும். போன வெயில் காலத்தில் ஒரே மதியத்தில் இரண்டு இடத்திலும் மாறி மாறி உட்கார்ந்து பாருங்கள் என்று ஒரு கல்லூரிப் பெண்ணிடம் சொன்னேன். பின் அறையில் பத்து நிமிடம் தாங்கவில்லை அவர்.

ஒருமுறை, சி.எம்.சி. மருத்துவமனைக்கு மனைவியின் வைத்தியத்துக்காக வந்திருந்த கொல்கத்தாப் பெரியவர் ஒருவர் ஆங்கிலப் பேப்பர் படிக்க உள்ளே வந்தார். பேப்பரை விட்டுவிட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கள் பாட்டன் வீட்டிலும் இதே கூரை, நாங்கள் கொரி-பொர்கா என்போம்" என்றார். அங்கே உத்திரத்தின்மேல் சிறு சட்டம் குறுக்கே ஓடும், அதன்மேல் ஓடு வரும். நம்முடையதில் அந்தச் சட்டம் கிடையாது, செங்கல்லே பாலமாக நிற்கிறது. இரண்டு பேரும் சைகையாலும் அரைகுறை ஆங்கிலத்தாலும் அரை மணி நேரம் கூரை பேசினோம். மறுநாளும் வந்தார்.

பின் அறைக் கூரையில் சிமெண்ட் பெயர்ந்து விழுகிறதே, அது ஆபத்தா?

கவனிக்காமல் விட்டால் ஆபத்து. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை அந்தக் கான்கிரீட்டின் காரத்தன்மைதான் துருப்பிடிக்காமல் காக்கிறது. வருடங்கள் போகப் போகக் காற்றில் உள்ள கரியமில வாயு உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கும். மேலே தண்ணீர் தேங்கினால் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாததால் கீழே இருக்கும் பூச்சைத் தள்ளிக்கொண்டு வரும். நீங்கள் பார்க்கும் பெயர்ச்சல் அதுதான். விழுந்த இடத்தில் பூசி மறைப்பது வைத்தியம் ஆகாது. கம்பியைத் துடைத்து, துருத் தடுப்புப் பூசி, அதற்குரிய கலவையால் மூட வேண்டும். அதற்கு முன்னால் மாடித் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்க்க வேண்டும். பாதி நேரம், தண்ணீர்க் குழாயின் வாயில் கிடக்கும் அரசமரச் சருகுதான் குற்றவாளி.

இன்னொரு வகைத் தவறையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் முன் ஹாலின் சுண்ணாம்புத் தளம் லேசாகக் கசிந்தது. வந்த காண்ட்ராக்டர் ஒருவர், நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும், மேலே கெட்டியாகச் சிமெண்ட் போட்டு வழித்துவிட்டார். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயில் அடித்தால் வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. ஈரம் கீழே இறங்கி உத்திரக் கட்டையின் முனையைப் பிடித்தது. சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒரு கட்டை இப்போது விரலால் அழுத்தினால் அமுங்குகிறது. சின்னக் கசிவுக்குச் சின்ன வேலை போதும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பு.

அடித்தளம் கருங்கல்லா?

ஆமாம், இடுப்பு உயரம் வரை. மொட்டைப் பாறையாய் மலைகள் சூழ்ந்த ஊர் இது, கல்லுக்கு எங்கே பஞ்சம்? "மரமில்லா மலை, நீரில்லா ஆறு, சாமியில்லாக் கோயில்" என்று வேலூரைக் கேலி செய்வார்கள். கோயில் விஷயம் பழங்கதை, ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். மலையும் ஆறும் அப்படியேதான் இருக்கின்றன.

புத்தகங்களை ஏன் மாடியில் வைக்கவில்லை? கீழே இடமே இல்லையே.

புத்தகம் கனம். வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமை என்று கணக்கிட்டு வடிவமைப்போம். நூலகத்தில் அடுக்கு அலமாரி நிற்கும் தளத்துக்கு 600 கிலோ வைக்கச் சொல்கிறது இந்தியத் தர விதி. அலமாரி உயர உயர அதற்கு மேலும் கூட்ட வேண்டும். வீடாகக் கட்டிய இடத்தில் நூலகம் நடத்தினால் இது எப்போதும் மனதில் இருக்க வேண்டும். மாடியில் நாற்காலி போடலாம், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளை உட்கார வைக்கலாம். இரும்பு அலமாரியை வரிசையாக நிறுத்தக் கூடாது.

மாடித் தூண்களின் மேல் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. வேலை பாதியில் நின்றுபோயிற்றா?

இல்லை, அது நம்ம ஊர் நம்பிக்கை. பின்னால் இன்னொரு மாடி எடுக்கலாம் என்று விட்டுவைப்பது. ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் சொன்னார். ஐந்தாவது, நூலகம் வளரும் உயிர். அந்த விதியைக் கொத்தனார் தன் மொழியில் எழுதியதுதான் இந்தக் கம்பி என்று நூலகரிடம் ஒருமுறை சொன்னேன், சிரித்துவிட்டார். ஆனால் முப்பது வருடம் மழையில் நின்ற கம்பியை நம்பி மாடி எடுக்க முடியாது. துரு தூணுக்குள்ளும் இறங்கும். எங்களுடையதில் முனைகளுக்குச் சிமெண்ட் குல்லாய் போட்டு மூடச் சொல்லியிருக்கிறேன்.

படிக்கும் மேசைகள் ஏன் எல்லாம் வடக்குச் சுவரை ஒட்டி இருக்கின்றன?

மேற்குச் சுவர் பக்கம் உட்கார்ந்து பாருங்கள், மாலை நாலு மணிக்குத் தெரியும். வடக்கில் வெயில் நேராக விழாது, வெளிச்சம் மட்டும் வரும். ஆனால் ஒரு நுணுக்கம். வேலூர் நிலநடுக்கோட்டுக்கு 13 டிகிரி அளவு வடக்கே இருக்கிறது. அதனால் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே சற்றுச் சாய்ந்து நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும், அதற்காகவே அங்கே ஒன்றரையடிச் சன்ஷேடு. அதைக் கட்டியவருக்கு டிகிரிக் கணக்குத் தெரிந்திருக்காது. நிழல் விழும் இடம் தெரிந்திருக்கிறது.

அலமாரிகள் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்பதையும் கேட்பார்கள். காரணம் கரையான். சுவரோடு ஒட்டினால் பாதை போட்டுக்கொண்டு நேராக ஏறிவிடும். புத்தகத்தை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு இருட்டும் ஈரமும் பிடிக்கும், காற்று பிடிக்காது.

கிராமத்தில் எங்கள் பஞ்சாயத்து நூலகமும் பக்கத்து ஊர் நூலகமும் அச்சில் வார்த்தது போல இருக்கின்றனவே?

2006-ல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டியவையாக இருக்கும். ஊராட்சிக்கு ஒன்று என்று ஒரே மாதிரி வரைபடத்தில் எழுந்தவை. அவை ஊராட்சியின் பொறுப்பு. மாவட்ட ஆணைக்குழுவின் ஊர்ப்புற நூலகம் வேறு. குழப்பிக்கொண்டு மனுவைத் தவறான அலுவலகத்தில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் என்ன?

பின் அறைகளைப் பற்றிக் கேட்டால் யோசிக்கலாம் என்பேன். முன் ஹாலை இடிக்கக் கூடாது என்பது என் கட்சி. பழசு என்ற பாசத்தால் சொல்லவில்லை. அந்தக் கூரையை இன்று போட ஆள் கிடைப்பது அரிது, தேக்கு விலை தெரியும், அந்தக் குளிர்ச்சியை ஏ.சி.யில் கொண்டுவந்தால் மின் கட்டணம் யார் கட்டுவது? கட்டை முனைகளை மாற்றி, தட்டோட்டின் இணைப்புகளைச் சுண்ணாம்பால் அடைத்தால் இன்னொரு தலைமுறை ஓடும். சரி, சக்கர நாற்காலியில் வருபவர் திண்ணைப் படியில் எப்படி ஏறுவார் என்று ஒரு அம்மா கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லாமல் போயிற்று. இப்போது தெற்குப் பக்க வாசலில் சாய்தளம் போட இடம் அளந்து வைத்திருக்கிறோம்.

எங்கள் பகுதி நூலகத்தின் வரலாற்றை நானே எழுத வேண்டுமானால் எங்கே தொடங்குவது?

நூல் வரவுப் பதிவேட்டின் முதல் தொகுதியில். முதல் புத்தகம் எந்தத் தேதியில் வந்தது என்று அதில் இருக்கும், நூலகரிடம் முறையாகக் கேட்டால் காட்டுவார். நிலம் யாருடையது என்பதற்கு நகர நில அளவைப் பதிவேடும் வில்லங்கச் சான்றும். சொந்தக் கட்டடம் எப்போது, எந்த நிதியில் என்பதற்கு மாவட்ட நூலக அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். ஆனால் காகிதத்துக்கு முன்னால், காலையில் பேப்பருக்கு வரும் பெரியவர்களிடம் போங்கள். முற்றம் மூடியது எப்போது என்று எந்த ஆவணத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. "மழையில நனைஞ்சுக்கிட்டே பேப்பர் படிச்சிருக்கேன் நைனா, என் கல்யாணத்துக்கு அப்புறந்தான் மூடினாங்க" என்று ஒருவர் சொன்னார். அவர் கல்யாணப் பத்திரிகையைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

எப்போது வந்தால் பார்க்கலாம்?

வெள்ளிக்கிழமை வராதீர்கள், விடுமுறை. கூரையைப் பார்க்க வேண்டுமென்றால் காலையில் வாருங்கள், கிழக்கு வென்டிலேட்டர் வழியாக வெளிச்சம் உத்திரங்களின் அடியில் விழும்.